அரை அங்குல ஓட்டையில் 12 மில்லி போல்ட்

போன வாரம் சௌத்தான் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தன் நெல்லு மெஷினின் கீழ்ப்பாதியைச் சாக்கில் சுற்றி, லைன் காரில் ஏற்றி, ஸ்டாண்டிலிருந்து சைக்காவில் (பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்ஷா) வைத்துத் தள்ளிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். 20 வீசை இருக்கும், கிலோவில் சொன்னால் முப்பத்துச் சொச்சம். (இங்கே பர்மாவில் இன்றைக்கும் பழைய இரும்பிலிருந்து மீன் வரை எல்லாம் வீசைதான். நம் ஊர் வீசைதான் கடல் தாண்டி வந்து இவர்கள் கணக்காகிவிட்டது, ஊரில் நாம்தான் அதை விட்டுவிட்டோம்.)

"வார்ப்பு செத்துப்போச்சு தம்பி, மரையே நிக்க மாட்டேங்குது. பழைய இரும்புக்குப் போட்டுடலாமான்னு பாக்குறேன்" என்றார்.

வார்ப்பு சாகாது. 60, 70 வருஷ வார்ப்பிரும்பைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், கல் மாதிரி இருக்கும். சாகடிப்பது நாம்தான். இவர் மெஷினில் மேல் மூடியைப் பிடிக்கிற நாலு ஓட்டைகளில் ஒன்றின் மரை சுத்தமாகப் பொடிந்து போயிருந்தது. இன்னொன்றில் போல்ட் கோணலாக நின்றது. அந்தப் போல்ட்டைக் கழற்றி மரை கேஜை வைத்துப் பார்த்தவுடனே கதை புரிந்துவிட்டது. மெஷின் பிரிட்டிஷ் மரை, அரை அங்குலம் விட்வொர்த். போட்டிருந்தது 12 மில்லி போல்ட்.

சிரியத்தில் (இப்போது தன்லின் என்று சொல்ல வேண்டும், வீட்டில் யாரும் சொல்வதில்லை) பட்டறை வைத்திருக்கிற எவனுக்கும் இதுதான் தினப்படி வியாதி. வெள்ளைக்காரன் காலத்து ஆலைச் சாமான் எல்லாம் விட்வொர்த், அதாவது 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த 55 டிகிரி மரை. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த இன்ஜின்கள் எல்லாம் மில்லி, 60 டிகிரி. நடுவில் எங்கிருந்தோ அமெரிக்க மரை போல்ட்டும் வந்து அதே டப்பாவில் விழுந்து கிடக்கும். அரை அங்குல விட்வொர்த்துக்கு ஒரு அங்குலத்தில் 12 மரை, அமெரிக்க அரை அங்குலத்துக்கு 13. பார்த்தால் அண்ணன் தம்பி. இரண்டு சுற்று கையாலேயே போகும், அப்புறம் இறுகும். "சரி, இறுகுதே, நல்லா பிடிச்சிருக்கு" என்று ஸ்பேனரில் குழாயை மாட்டி இழுப்பார்கள். ஸ்டீலாக இருந்தால் கொஞ்சம் வளைந்து கொடுத்துச் சமாளிக்கும். வார்ப்பிரும்புக்கு அந்தக் குணம் கிடையாது. வளையத் தெரியாது, பொடியத்தான் தெரியும். ஆளைத்தான் மரை கழண்டவன் என்று திட்டுகிறோம், பாதி நேரம் மரையைக் கழட்டியவனைத்தான் திட்ட வேண்டும்.

3/8 அங்குலத்தில் மட்டும் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. விட்வொர்த்தும் அமெரிக்க மரையும் இரண்டுமே 16. கோணம்தான் வேறு, அதனால் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். நானும் போட்டிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் அதே 3/8 ஓட்டையில் 10 மில்லி போல்ட்டைப் போட்டு முறுக்குகிற ஆளைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். பொடிந்த ஓட்டையைச் சுற்றி 36 மில்லி குறுக்களவில் சதை இருந்தது. அரை அங்குல மரையின் வெளியளவு 12.7 மில்லி. அதை மொத்தமாக அழித்துவிட்டுப் புது மரை போட வேண்டும் என்றால் துளை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 14 மில்லி மரைக்கு 12 மில்லி துளைதான், பழைய மரையின் பள்ளம் சுவரில் மிச்சம் இருக்கும், பாதி மரைதான் பிடிக்கும். 16 மில்லி மரைக்கு 14 மில்லி துளை, பழசு எல்லாம் போய்விடும், சுற்றிலும் 10 மில்லி சதையும் நிற்கும். அதைத்தான் செய்தேன்.

எங்கள் ஸ்டாண்ட் டிரில்லின் கழுத்துக்கு அந்த வார்ப்பு அடங்காது. கை டிரில்லில்தான் போட்டாக வேண்டும், ஆனால் ஏற்கெனவே இருக்கிற ஓட்டையில் பெரிய பிட்டைக் கையில் பிடித்து விட்டால் அது பழைய கோணலையே தேடிப் போகும், ஓரத்தைக் கவ்வி மணிக்கட்டையும் திருப்பிவிடும். அதற்கு மாமா சொல்லிக் கொடுத்த ஒரு வழி இருக்கிறது. 25 மில்லி கனத்தில் ஒரு ஸ்டீல் கட்டை, அதில் 16 மில்லி போல்ட் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு நேராக ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்குள் உட்காருகிற மாதிரி லேத்தில் கடைந்த ஒரு புஷ், அதாவது ஒரு குழல், புஷ்ஷின் உள்ளளவு 14. கட்டையை வார்ப்பின் மேல் வைத்து, மூலைமட்டம் பார்த்து, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் பிட் புஷ்ஷுக்குள் நேராக இறங்கும், வேறு வழியே கிடையாது. துளை முடிந்ததும் புஷ்ஷை மட்டும் உருவிவிட வேண்டும். கிளாம்ப்பைத் தொடக் கூடாது. இப்போது அதே கட்டையின் 16 ஓட்டை டேப்புக்கு (துளைக்குள் மரை வெட்டுகிற கருவி) வழிகாட்டி. டேப் கோணலாகப் போக வாய்ப்பே இல்லை. ஒரு கட்டையைச் செய்ய அரை நாள் ஆகும், ஆனால் இதே கட்டை எங்கள் பட்டறையில் எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று எனக்கே கணக்கில்லை.

கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாததால் எங்கள் வேலையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. கரண்ட் இருந்தால் துளை, இல்லாவிட்டால் மரை. அன்றைக்கு மதியம் தெருவில் பையன்கள் "மீ லாபி" (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்தியதும் ஓடிப்போய் டிரில்லைப் பிடித்தேன். 14 மில்லி பிட்டுக்கு நிமிஷத்துக்கு ஒரு 450, 500 சுற்று போதும். எண்ணெய் ஊற்றவில்லை. இது நிறையப் பேருக்குப் புரியாத விஷயம். சாம்பல் வார்ப்பிரும்பில் கார்பன் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளேயே கிடக்கிறது. அந்தச் செதில்தான் எண்ணெய். ஸ்டீலில் சுருள் சுருளாக வருகிற மாதிரி இதில் வராது, கறுப்புப் பொடியாகக் கொட்டும். அந்தப் பொடியில் எண்ணெயை விட்டால் இரண்டும் சேர்ந்து சாணைப் பசை மாதிரி ஆகி, பிட்டின் முனையைத்தான் தேய்க்கும். உலர்ந்தே போடுங்கள், ஆனால் தடவிக்கொண்டு நிற்காதீர்கள். அழுத்திப் போட வேண்டும். பயந்து பயந்து மெல்ல வைத்தால் பிட் வெட்டாமல் தேய்ந்து, வெட்டுவாய் மழுங்கும். மறுபக்கம் திறக்கிற துளையாக இருந்தால் மட்டும் கடைசி 2 மில்லியில் கையைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வெளியேறுகிற இடத்தில் ஓரம் பிஸ்கட் மாதிரி உடையும்.

ஒரு எச்சரிக்கை. பிட் திடீரென்று கீச்சென்று கத்தி, பொடி வருவது நின்றுவிட்டால் அங்கே கெட்டி இடம் இருக்கிறது. மெல்லிய ஓரங்களில் வார்ப்பு சீக்கிரம் ஆறிவிட்டால் கிராஃபைட் பிரியாமல் வெள்ளை இரும்பாக உறைந்துவிடும், ஹை ஸ்பீடு பிட் அதில் ஒன்றும் செய்யாது. முக்கி முக்கி அழுத்தினால் பிட்டின் இரண்டு காதும் நீலமாகும், அவ்வளவுதான். சுவரில் ஓட்டை போடுகிற கார்பைடு முனை பிட்டைப் பச்சை சாணைக்கல்லில் கூராக்கி அதைக் கொண்டு அந்த இடத்தை மட்டும் தாண்டியிருக்கிறேன், அசிங்கமான வழிதான், ஆனால் நடக்கும். நெல்லு மெஷினின் ரோலை மட்டும் யாரும் துளைக்கப் போகாதீர்கள், அதன் மேல்தோலை வேண்டுமென்றே அப்படிக் கெட்டியாக வார்த்திருப்பார்கள்.

32 மில்லி ஆழம் முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

பொடியை வெளியே எடுப்பது ஒரு தனி வேலை. வாயால் ஊதாதீர்கள். நான் சின்ன வயதில் ஊதி, கண்ணில் போய், இரண்டு நாள் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சைக்கிள் பம்ப்பின் குழாயைத் துளைக்குள் விட்டு, மேலே துணியைப் போர்த்தி அடித்தால் எல்லாம் துணியில் வரும். கையும் லுங்கியும் கறுப்பாவதைத் தடுக்க வழியில்லை. சோப்புக்குப் போகாது, அம்மா இன்றைக்கும் அந்த லுங்கிகளைத் தனி வாளியில்தான் ஊற வைக்கிறார்.

அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் டேப். செட்டில் மூன்று இருக்கும், முதல் டேப்பின் மூக்கு நீளமாகச் சரிந்திருக்கும், அதில்தான் ஆரம்பம். இதில் எனக்கும் மாமாவுக்கும் ஓயாத சண்டை. அவர் டேப்பையும் உலர்ந்தே போடுவார். நான் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் தொடுவேன், அதற்கு மேல் இல்லை. இரண்டிலும் மரை நன்றாகத்தான் வந்திருக்கிறது, அதனால் யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டால் வார்ப்பில் டேப் போவது உலர்ந்த கருவாட்டைக் கடிக்கிற மாதிரி ஒரு நொறுநொறு சத்தம். அந்தச் சத்தம் இருக்கும்வரை கவலை இல்லை. சத்தம் அடங்கி, கைப்பிடி ரப்பர் மாதிரி முறுக ஆரம்பித்தால் உள்ளே பொடி அடைத்திருக்கிறது, டேப்பை முழுசாகக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த சுற்று.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில வருஷம் முன் ஒரு பம்ப்பின் உடம்பில் 6 மில்லி மரை, 5 மில்லி துளை, அடி மூடிய ஓட்டை. வாடிக்கையாளர் வாசலில் நின்றுகொண்டு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் பொடியை எடுக்காமல் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று போனேன். டிக். அவ்வளவு சின்னச் சத்தம். டேப் உள்ளே மட்டத்துக்குக் கீழே ஒடிந்து நின்றது. அலுமினியமாக இருந்தால் படிகாரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் டேப் கரையும், அலுமினியம் தப்பிக்கும். வார்ப்பில் அந்த வித்தை பலிக்காது, படிகாரம் வார்ப்பையும் சேர்த்துத் தின்னும். சின்னப் பஞ்ச் வைத்துத் தட்டித் தட்டி, டேப்பைத் துண்டு துண்டாக நொறுக்கி, ஊசியால் பொறுக்கி எடுக்க ஒரு முழு நாள். கூலி அன்றைக்கு வாங்கவில்லை, கேட்கவும் முகமில்லை.

பெரியவரின் வார்ப்புக்கு நான் கட்டை போட்டிருந்ததால் ஐந்தாறு சுற்று நேராக இறங்கியதும் கட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டாவது, மூன்றாவது டேப்பைக் கையோடு முடித்தேன். 26 மில்லி மரை. வார்ப்பில் போல்ட் கனத்தின் ஒன்றரை மடங்கு பிடிப்பு இருந்தால் நிம்மதி, 16க்கு 24, மேலே 2 மில்லி கூடுதல். வாயில் பெரிய பிட்டால் லேசாகச் சரிவு கொடுத்தேன், இல்லாவிட்டால் முதல் மரை மேலெழும்பி மூடி உட்காராது.

இப்போது ஸ்டட், அதாவது தலை இல்லாமல் இரண்டு முனையிலும் மரை வெட்டிய கம்பி. கீழே 16 மில்லி, மேலே என்ன என்பதில்தான் பெரியவரோடு பேச்சு. அவருக்கு மேலேயும் மில்லி வேண்டும், நட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மிச்ச மூன்று ஓட்டையும் விட்வொர்த், இது மட்டும் மில்லி என்றால் அடுத்த தடவை கழற்றுகிறவன் மறுபடி கலந்துவிடுவான். லேத்தில் 12 மரை வைத்து மேல்பாதியையும் அரை அங்குல விட்வொர்த்தாகவே வெட்டினேன். அடியில் மண்ணெண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று துணித் திரி விட்டுத் துடைத்த பிறகுதான் ஸ்டட்டை இறக்கினேன். அடி மூடிய ஓட்டையில் திரவம் இருந்தால், ஸ்டட் ஜாக்கி மாதிரி அதை அழுத்தி வார்ப்பையே பிளந்துவிடும். மேலே இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று பூட்டி, அதைப் பிடித்து இறுக்கினேன், அடியில் முட்ட விடவில்லை.

கோணல் போல்ட் நின்ற ஓட்டையில் இரண்டு மரைதான் போயிருந்தது. விட்வொர்த் டேப்பை ஒரு தடவை விட்டு எடுத்ததும் சுத்தமாகிவிட்டது. ரங்கூனில் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த அரை அங்குல போல்ட்டுகளில் மூன்றைக் கொடுத்து, மூன்றின் தலையிலும் ஸ்டட்டின் நட்டிலும் சிவப்புப் பெயிண்ட் வைத்தேன்.

கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பெரியவர் தரையில் கிடந்த அந்த 12 மில்லி போல்ட்டுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"அது எதுக்கு பெரியவரே, அந்த மெஷின் பக்கமே கொண்டுபோகாதீங்க."

"நல்ல போல்ட்டு தம்பி, புதுசு. எதுக்காவது ஆகும்" என்று லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டு சைக்காவைக் கூப்பிடப் போனார்.