நான் சொன்ன அறிவுரையும் நான் எடுத்த ஆளும்

ஐ.டி.ஐ.யில் சேர் என்று நான் சொன்னது தவறான அறிவுரை என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அந்தப் பையன் என்னைத் திருப்பிக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் இன்றுவரை மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

எங்கள் கட்டட சைட்டில் தலைமை பிளம்பருக்குக் கீழே ஹெல்பராக இருந்தவன் அவன். பத்தாம் வகுப்புத் தேறியவன். குழாய் வெட்டுவது, சுவரில் காடி எடுப்பது, டியூப் லெவல் பிடிப்பது எல்லாம் ஏற்கெனவே கைவந்தவன். ஐ.டி.ஐ. சேர்க்கை நடந்துகொண்டிருந்த சமயத்தில், ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் நோட்டீஸை நீட்டி, “சார், இதுல சேரட்டுமா, கவர்மென்ட் ஐ.டி.ஐ.ல சேரட்டுமா?” என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. பிளம்பர் பிரிவு ஓராண்டுதான், அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு, அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறி வாங்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் எந்த மாநிலத்திலும் செல்லும், அதற்குப் பிறகு 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒரு நிறுவனத்தில் அப்ரண்டிஸாகவும் சேரலாம் என்று வரிசையாகச் சொன்னேன்.

அவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, “போன மாசம் நீங்க பிளம்பரா எடுத்தவர் மூணு மாசக் கோர்ஸ் படிச்சவர்தானே, சார்? அவர்கூட வந்த ஐ.டி.ஐ. அண்ணனை நீங்க எடுக்கலையே?” என்றான்.

“அது வேற, தம்பி” என்றேன்.

அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என் பதிலும் பொய் இல்லை, உண்மையிலேயே அது வேறுதான். ஆனால் எப்படி வேறு என்று அவனுக்கு விளக்கும் அளவுக்கு எனக்கே தெளிவு இருந்ததா என்பதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

அன்று வேலைக்கு வந்த இருவருக்கும் ஒரே சோதனைதான் வைத்தோம். குளியலறைச் சுவர் ஒன்றில், நீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் திருப்பிவிடும் டைவர்ட்டருக்கு, சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் குழாயில் லைன் போட்டு, பிரஷர் டெஸ்ட்டில் கசியாமல் நிறுத்திக் காட்ட வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர், குழாய்களின் போக்கை முப்பரிமாணமாகக் காட்டும் ஐசோமெட்ரிக் டிராயிங்கைப் பார்த்த உடனேயே புரிந்துகொண்டார். எத்தனை எல்போ, எத்தனை டீ, எங்கே பித்தளைத் திருகு உள்ள அடாப்டர் என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தார். கைதான் மெதுவாக ஓடியது. அவர் பயின்ற பட்டறையில் ஜிஐ என்கிற துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் மரை வெட்டுவதற்குக் கிடைத்த நேரம் சிபிவிசிக்குக் கிடைக்கவில்லை என்று அவரே சொன்னார். மற்றவர் டிராயிங்கை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். ஆனால் வேலையைத் தொடங்கியதும் குழாயை நேர்க்கோணத்தில் வெட்டி, பிசிறு நீக்கி, ஒட்டும் சால்வென்ட் இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து அளவுக்குக் கோடு போட்டு, பிறகு பூசிக் கால் சுற்றுத் திருகி, குழாய் பின்வாங்காதபடி அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பையும் முடித்த விதத்தில் ஓர் இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. அழுத்தம் ஏற்றி விட்டுவைத்தோம். கேஜ் முள் இறங்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் டைல்ஸ் ஒட்டும் குழு காத்துக்கொண்டிருந்தது. பூசி மூடிய சுவருக்குள் ஓர் இணைப்பு கசிந்தால் டைல்ஸை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த நிலையில் யாரை எடுப்பது என்பதில் எனக்குத் தயக்கமே வரவில்லை. இன்று அதே சூழ்நிலை வந்தாலும் அவரைத்தான் எடுப்பேன்.

அந்தக் கையைக் கொடுத்தது மூன்று மாதப் பயிற்சி இல்லை என்றுதான் பையனிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய விளக்கம் தொடங்கும். அவர் அதற்கு முன்பு பல ஆண்டுகள் ஹெல்பராக இருந்தவர். சைட்டில் கற்ற கைக்குப் பயிற்சி நிலையம் ஒரு காகிதம் கொடுத்தது, அவ்வளவுதான். இதை நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் இந்த விளக்கத்தை அடுத்த வாக்கியத்துக்குக் கொண்டுபோனால் அது என் அறிவுரைக்கு எதிராகவே போய் நிற்கிறது. கேள்வி கேட்ட பையனும் ஹெல்பர்தானே? அவனிடமும் சைட்டில் கற்ற கை இருக்கிறதே? அவனுக்குத் தேவைப்பட்டதும் ஒரு காகிதம் மட்டும்தான் என்றால், அதற்காக ஓராண்டைக் கொடு என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? போதாததற்கு, நான் பெரிதாக எடுத்துச் சொன்ன அந்த 750 ரூபாய், அவன் ஏறக்குறைய ஒரே நாளில் வாங்கிக்கொண்டிருந்த கூலி. வீட்டில் அவனும் அவன் அம்மாவும்தான் சம்பாதித்தார்கள், தங்கை படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை.

ஆனாலும் ஐ.டி.ஐ. என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் குடிவந்த சில வாரங்களிலேயே கீழ்த்தளக் குளியலறைகளில் சாக்கடை நாற்றம் வரத் தொடங்கியது. ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. எல்லா இணைப்பும் நல்ல கைகள் போட்டவை. கடைசியில் பார்த்தால் அந்தப் பக்கத்து லைனுக்கு, காற்று போய்வர விடும் வென்ட் பைப்பே மேலே போகவில்லை. மேல்தளங்களிலிருந்து நீர் ஒட்டுமொத்தமாக இறங்கும்போதெல்லாம் கீழே ட்ராப்பில், அதாவது நாற்றத்தைத் தடுக்க நீர் தேங்கும் வளைவில், நிற்க வேண்டிய 50 மில்லிமீட்டர் நீரை அது உறிஞ்சிக்கொண்டு போயிருக்கிறது. நீர்த்தடுப்பு போனதும் நாற்றம் தங்குதடையின்றி வீட்டுக்குள் வந்துவிட்டது. அதைப் போட்டவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. ட்ராப்பில் நீர் ஏன் நிற்கிறது, எப்போது போகும் என்பதை அவர்களை உட்காரவைத்து யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு, எவ்வளவு, 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒன்பதாம் பகுதி என்ன சொல்கிறது என்பவற்றைக் கை தானாகக் கற்றுக்கொள்வதில்லை. படித்த ஒருவன் டிராயிங்கிலேயே அதைப் பார்த்துக் கேட்டிருப்பான். எங்கள் சோதனைக்கு வந்த ஐ.டி.ஐ.க்காரர், சோதனையில் இல்லாத விஷயமாக இருந்தும், வென்ட் எங்கே சேர்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாங்கள் மதிப்பெண் எதுவும் வைத்திருக்கவில்லை.

தனியார் பயிற்சி என்றாலே எனக்கு ஆகாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் தனியார் நிலையங்கள் கட்டணமில்லாமலே பிளம்பர் பயிற்சி நடத்துகின்றன. அதில் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களின் திறமையை மதிப்பிட்டுச் சான்று தரும் ஆர்.பி.எல். என்ற வழியும் அதில் உண்டு. ஆனால் பையன் நீட்டிய நோட்டீஸில் எந்தத் திட்டத்தின் பெயரும் இல்லை, யார் மதிப்பிடுவார்கள் என்பதும் இல்லை. கட்டணமும், வேலை உறுதி என்ற வாக்கும், வெளிநாட்டுக் கட்டடங்களின் படமும் மட்டும் இருந்தன. அப்படிப்பட்ட இடங்கள் கொடுக்கும் சான்றிதழில் அவர்களுடைய முத்திரையைத் தவிர வேறொன்றும் இருக்காது. வளைகுடாவுக்குப் போகும் எண்ணமும் அவனுக்கு இருந்தது. சவூதி அரேபியா இப்போது பிளம்பர்களுக்குத் தனியாகத் திறன் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறது. அங்கே இந்த முத்திரையை யாரும் பார்க்கப் போவதில்லை. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சான்றிதழை யார் தருகிறார்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கருவியைக் கையில் பிடிக்க விடுவார்கள் என்று அங்கே போய்க் கேட்டுவிட்டுப் பணம் கட்டு என்றேன்.

அவன் அந்த மூன்று மாதப் பயிற்சியிலேயே சேர்ந்தான். முடித்த கையோடு வேறொரு ஒப்பந்ததாரரிடம் பிளம்பராகச் சேர்ந்து, ஹெல்பராக வாங்கியதைவிட நல்ல கூலி வாங்குகிறான். ஒருநாள் வந்தபோது, “வேலை ஒண்ணும் பிரச்சினை இல்லை, சார். டிராயிங் பார்க்கத்தான் கஷ்டமா இருக்கு” என்றான். அதைக் கேட்டதும் என்னுள் ஒரு திருப்தி எழுந்தது. ஒரு பையனுடைய சிரமம் என் கட்சிக்குச் சாட்சியாக வந்ததில் எழுந்த அந்தத் திருப்தி எனக்குப் பிடிக்கவில்லை. அவனை உட்காரவைத்து ஐசோமெட்ரிக் டிராயிங்கை எப்படிப் படிப்பது, வென்ட் எதற்கு, வாட்டம் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தேன். சில மாலைகளிலேயே பிடித்துக்கொண்டான். ஐ.டி.ஐ.யில்தான் கிடைக்கும் என்று நான் சொன்ன ஒன்று, சைட் அலுவலக மேசையிலேயே அவனுக்குக் கிடைத்துவிட்டது. சொல்லித்தர ஓர் ஆள் வாய்த்ததால் கிடைத்தது, எல்லா சைட்டிலும் அது வாய்க்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் அவனுக்கு அது கிடைத்துவிட்டது என்பதும் உண்மை.

இதையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, அவன் எதில் சேர்ந்தான் என்பதைவிட எங்கள் சோதனை எப்படி இருந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஓராண்டு படித்துவிட்டு வருபவரை, அவர் படித்தது எதையும் கேட்காத ஒரு சோதனையில் நிற்கவைத்தோம். கை வேகம் வர அவருக்குச் சில மாதங்கள் போதும். அந்தச் சில மாதங்களைக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுத்தால், 2016-இல் வந்த ஊக்குவிப்புத் திட்டத்தின்படி உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசே ஏற்கிறது. அதை ஒப்பந்ததாரரிடம் எடுத்துச் சொன்னேன். மறுக்கவில்லை. இந்த பிளாக்கை ஒப்படைத்த பிறகு பார்க்கலாம் என்றார். அவருடைய நெருக்கடியும் எனக்குத் தெரியும். தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அடுத்த மாதம் மறுபடி இரண்டு பிளம்பர்களை எடுக்கப் போகிறோம். சிபிவிசி சோதனை அப்படியே இருக்கட்டும், கூடவே ஒரு கழிவுநீர் லைன் டிராயிங்கைக் கொடுத்து அதிலுள்ள பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வோம், இரண்டுக்கும் சம மதிப்பெண் வைப்போம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதிப்பெண் சமமாக வந்தால், டைல்ஸ் குழு காத்துக்கொண்டிருக்கும்போது யாரை எடுப்பேன் என்று தலைமை பிளம்பர் கேட்டார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.