சீட்டுல எந்தப் பாட்டு வந்தாலும் வாசிக்க ஒரு கிட்டார் செட்டப்

லைட் மியூசிக் கச்சேரியில கிட்டார் வாசிக்கறவனுக்கும் ராக் பேண்டுல வாசிக்கறவனுக்கும் என்ன வித்தியாசம்னா, ராக் பேண்டுக்காரனுக்கு ஒரு சவுண்டு போதும், அந்த சவுண்டுதான் அவனோட அடையாளமே. நமக்கு அப்படி இல்ல. சாமி பாட்டுல ஆரம்பிச்சு, 70கள்ல வந்த வா-வா (காலால பெடலை அசைச்சா கிட்டார் "வா வா"ன்னு பேசற எஃபெக்ட்) போட்ட கிளப் டான்ஸ் பாட்டு, 80கள்ல நைலான் கிட்டார் ஆர்பெஜியோ (கார்டை ஒவ்வொரு கம்பியா பிரிச்சு வாசிக்கறது), 90கள்ல கோரஸ் (ஒரு கிட்டார் ரெண்டு மூணா கேக்கற எஃபெக்ட்) போட்ட கிளீன் கார்ட்ஸ், இப்போ வர்ற டிஸ்டார்ஷன் குத்து வரைக்கும் ஒரே ராத்திரியில வாசிக்கணும். அதுவும் எந்த வரிசையில வரும்னு தெரியாது. லிஸ்ட் போட்டு ரிகர்சல் பாத்துட்டுதான் மேடை ஏறுவோம், ஆனா நாலு பாட்டு முடியறதுக்குள்ள கமிட்டியில இருந்து ஒரு சீட்டு வரும், தலைவர் வந்துட்டாரு அவருக்குப் புடிச்ச பாட்டு போடுங்கன்னு, மாஸ்டர் திரும்பி ஸ்கேல் மட்டும் சொல்லுவாரு, எலக்ட்ரானிக் ட்ரம் பேட் வாசிக்கற தம்பி கவுண்ட் குடுத்துடுவான், நமக்குக் கிடைக்கற டைம் அந்த நாலு தட்டுதான்.

யூடியூப்ல சொல்ற "பாட்டுக்கு ஒரு பேட்ச் (சேவ் பண்ணி வச்ச சவுண்ட் செட்டிங்) வை" அட்வைஸ் அதனாலதான் நமக்கு ஒத்து வராது. அந்த நாலு தட்டுக்குள்ள குனிஞ்சு, லைட்டே இல்லாத மேடையில, சின்ன ஸ்க்ரீன்ல பேட்ச் பேரைத் தேடி எடுக்கறதுக்குள்ள பல்லவியே முடிஞ்சுடும். என் செட்டப்ல மெயின் பேட்ச் ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் அதுக்குள்ளயே.

முதல்ல ஏன் ஆம்ப் தூக்கிட்டுப் போறதில்லன்னு சொல்லிடறேன், ஏன்னா சீனியர் அண்ணன்கள் சிலர் இன்னும் "டியூப் ஆம்ப் வாசிச்சுப் பாரு தம்பி"ன்னுதான் சொல்றாங்க. வாசிச்சிருக்கேன், சுகம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் 29 கிலோ, 85 வாட், அது நல்லா சத்தம் குடுக்கணும்னா வால்யூமைத் திறக்கணும், திறந்தா பக்கத்துல நிக்கற பாடகி மைக்ல அவங்க குரலை விட நம்ம கிட்டார்தான் அதிகம் விழும். கீபோர்டு, பேஸ், பேட் எல்லாமே நேரா மிக்சருக்குப் போற மேடையில கிட்டார் மட்டும் ஆம்ப்ல கத்திட்டு இருந்தா சவுண்ட் அண்ணனால ஒண்ணும் பண்ண முடியாது. 1998ல லைன் 6 கம்பெனி பாட்னு ஆம்ப் சத்தத்தை டிஜிட்டலா காப்பி அடிக்கற (இதைத்தான் மாடல்னு சொல்றது) ஒரு செவப்புப் பொட்டி விட்டதுல இருந்தே ஆம்ப் இல்லாம நேரா மிக்சருக்குப் போற வழி இருக்கு. அப்புறம் 2006ல ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011ல நெஜ ஆம்பையே அளந்து ப்ரொஃபைல் எடுக்கற கெம்பர், 2015ல ஹீலிக்ஸ்னு வந்ததுக்கு அப்புறம், ஓப்பன் கிரவுண்ட்ல நாலு டாப் நாலு பேஸ் பாக்ஸ் வழியா வர்ற சத்தத்துல எது மாடல் எது நெஜ ஆம்ப்னு கண்டுபுடிக்கறவங்க யாரும் சேர்ல உக்காந்து இல்ல.

நான் வச்சிருக்கறது அதே லைன் 6ஓட ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப், 2018ல வந்தது. கையளவு பொட்டி, கால் சுவிட்ச் மூணே மூணு. முன்னாடி ஒரு பேட்ச்ல 6 பிளாக் (ஆம்ப், எஃபெக்ட் ஒவ்வொண்ணும் ஒரு பிளாக்)தான் வைக்க முடியும், 3.0 அப்டேட்ல அது 8 ஆச்சு. கம்மிதான், ஆனா கம்மியா இருக்கறதும் நல்லதுதான், எது வேணும் எது வேணாம்னு முடிவு பண்ண வைக்குது. என் வரிசை: கம்ப்ரஸர் (சத்தத்தை அமுக்கி சமமா வைக்கறது), வா, ஒரு ட்ரைவ் (டிஸ்டார்ஷன் குடுக்கறது), ஆம்ப், ஐஆர் (ஸ்பீக்கருக்கு பதில், கீழ சொல்றேன்), கோரஸ், டிலே (எதிரொலி), ரிவர்ப் (ஹால் முழக்கம்). எட்டு முடிஞ்சுது. ஆம்ப் ஒரு ட்வின் ரிவர்ப் டைப் மாடல், எப்பவும் கிளீன், அழுக்கு, அதாவது டிஸ்டார்ஷன், வேணும்னா முன்னாடி இருக்கற ட்ரைவ்தான். ஹை கெயின் ஆம்ப் மாடல் தனியா வைக்கலயான்னு கேப்பீங்க. நம்ம பாட்டுல டிஸ்டார்ஷன் வர்ற இடம் பெரும்பாலும் இன்டர்லூட்ல எட்டு பார், நாதஸ்வரம் கீபோர்டு தவில் பேட்னு எல்லாமும் கூடவே ஓடிட்டு இருக்கும், அங்க தேவை மிட் (நடு அலைவரிசை), கெயின் (அழுக்கோட அளவு) இல்ல.

இதையே ஸ்னாப்ஷாட்டா பிரிச்சு வச்சிருக்கேன். ஒரே பேட்சுக்குள்ள எந்த பிளாக் ஆன், எது ஆஃப், எந்த குமிழ் எவ்ளோன்னு ஞாபகம் வச்சுக்கறதுதான் ஸ்னாப்ஷாட், ஃப்ராக்டல்காரங்க இதையே சீன்னு சொல்றாங்க. பேட்ச் மாத்தினா சத்தம் ஒரு கணம் பொசுக்குனு கட் ஆகும், டிலேயோட வாலும் அறுந்துடும், ஸ்னாப்ஷாட்ல அந்தத் தொல்லை இல்ல. ஒண்ணு சரணத்துக்கு (கிளீன், கொஞ்சம் கம்ப்ரஸர், ரிவர்ப் லேசா), ஒண்ணு ரிதம் கார்டுக்கு (ட்ரைவ் கால்வாசி, ரிவர்ப் கிடையாது), ஒண்ணு லீடுக்கு. வா-வுக்கு தனியா எக்ஸ்பிரஷன் பெடல், காலை முன்னாடி தள்ளினா தானா ஆன் ஆகற மாதிரி வச்சாச்சு. மீதி எல்லாம் கிட்டார்ல இருக்கற வால்யூம் குமிழ்தான், பிரிட்ஜ்ல ஹம்பக்கர் (ரெட்டைக் காயில் பிக்கப்) வச்ச ஸ்ட்ராட் டைப் கிட்டாருங்கறதால அதுலயே ரெண்டு மூணு குரல் கிடைக்குது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். எந்த ஆம்ப் மாடல், எந்த பெடல்னு ராத்திரி பூரா சண்டை போடறோம் இல்லையா, மேடையில அதை விட ரெண்டு மடங்கு வேலை செய்யறது ரெண்டே விஷயம், ஒண்ணு ஐஆர்ல பண்ற கட், ரெண்டு லெவல்.

ஐஆர்னா இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், ஒரு ஸ்பீக்கர் கேபினெட்டை ஒரு மைக் வச்சு அளந்து எடுத்த ஃபைல். 48 கிலோஹெர்ட்ஸ்ல 2048 சாம்பிள்னா மொத்தமே 43 மில்லிசெகண்ட் நீளம், அதுக்குள்ளதான் நம்ம டோன்ல பாதி இருக்கு. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டினா மேல ஒண்ணும் பெருசா குடுக்காது, ஆனா ஸ்பீக்கரோட நடுவுக்கு நேரா, ரொம்ப கிட்ட மைக் வச்சு எடுத்த ஐஆர்ல மேல கூச்சல் நெறைய இருக்கும், அதை ஹார்ன் வச்ச பெரிய டாப் பாக்ஸ் வழியா விட்டா கொசு கத்தற மாதிரி காதைக் குத்தும். அதனால ஹை கட் (அதுக்கு மேல வெட்டறது) 6 இல்லன்னா 7 கிலோஹெர்ட்ஸ்ல, லோ கட் (அதுக்குக் கீழ வெட்டறது) 100 ஹெர்ட்ஸ்ல. ஆறாவது கம்பி ஓப்பன்ல 82 ஹெர்ட்ஸ், அதைப் போய் வெட்டலாமான்னு தோணும், தாராளமா வெட்டலாம், அந்த ஏரியா பேஸ்காரருக்கும் கிக்குக்கும் சொந்தம், அங்க நாம இருந்தா மூணு பேருக்குமே நஷ்டம்.

வீட்ல ஹெட்ஃபோன்ல அருமையா இருந்த டோன் மேடையில ஏன் கேவலமா இருக்குங்கற கேள்விக்கு பதில் 1933லயே காதோட கேக்கற தன்மையை ஆராய்ஞ்ச ஃப்ளெட்சரும் மன்சனும் குடுத்துட்டாங்க. சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு லோவும் ஹையும் சரியா கேக்காது, அதனால வீட்ல உக்காந்து அதை ஏத்தி ஏத்தி மிட்டைக் குறைச்சு வைப்போம், மேடை சத்தத்துல அந்த லோவும் ஹையும் பூதாகரமா எழும்பி நிக்கும், மிட் இல்லாததால கிட்டாரே கேக்காது. கம்பெனி போட்டு அனுப்பற ஃபேக்டரி ப்ரீசெட் எல்லாமே ஷோரூம்ல கலர் ஏத்தி வச்ச டிவி மாதிரி, கடையில விக்கறதுக்கு, அவ்ளோதான். டோன் செட் பண்றதை கச்சேரி சத்தத்துலதான் பண்ணணும். ரிகர்சல் ஹால்ல ஒரு பவர்டு ஸ்பீக்கரை நெஞ்சு உயரத்துல வச்சு, பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போன நாளா பாத்து, நல்லா திறந்து வச்சுப் பண்ணுங்க.

லெவல் பத்தி. கிளீனும் டிஸ்டார்ஷனும் மீட்டர்ல ஒரே அளவு காட்டினாலும் காதுக்கு ஒரே அளவா இருக்காது, கிளீன்ல பீக் அதிகம், டிஸ்டார்ஷன் ஏற்கனவே நசுங்கி தட்டையா இருக்கும். மீட்டரைப் பாத்து சமம் பண்ணா பாட்டுக்கு நடுவுல கிளீன் காணாம போகும். காதால சமம் பண்ணணும், அதுவும் ஒரு ட்ராக் ஓட விட்டு அதுக்கு மேல வாசிச்சு. லீடுக்கு மட்டும் 3 டெசிபல் கூட, அதுக்கு மேல வேணாம். இதுல கெட்டிக்காரத்தனம் எங்கன்னா, அந்த 3 டெசிபல் வரிசையோட கடைசியில ஏறணும், ட்ரைவுக்கு முன்னாடி ஏத்தினா சத்தம் கூடாது, அழுக்குதான் கூடும். இதை சவுண்ட் செக்லயே சவுண்ட் அண்ணன்கிட்ட மூணு ஸ்னாப்ஷாட்டையும் வாசிச்சுக் காட்டிட்டு "அண்ணே, லீடு நானே ஏத்திக்கறேன், ஃபேடரைத் தொட வேணாம்"னு சொல்லிடணும். சொல்லலன்னா அவரு நல்லெண்ணத்துல லீடு வரும்போது இறக்கி விட்டுடுவாரு.

ஸ்டீரியோவை மறந்துடுங்க. திருவிழா பிஏ எல்லாம் மோனோ, இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணுன்னு துள்ளற டிலே எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சு சேறாயிடும். டிலேக்கு ஒரு கணக்கு மட்டும் போதும், 60000ஐ டெம்போவால வகுத்தா ஒரு தட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட்னு வரும், 120க்கு 500, அதுல முக்கால் 375. கணக்கு போட நேரம் எங்க, டேப் டெம்போ சுவிட்சை பாட்டோட தட்டுக்கு ரெண்டு தடவை மிதிச்சா அதுவே பாத்துக்கும்.

அடுத்தது நைலான். இதுல நான் சமரசம் பண்ணிக்கறதில்ல. எலக்ட்ரிக் கிட்டார்ல அக்கூஸ்டிக் சிமுலேட்டர் போட்டு வாசிச்சா ஸ்ட்ரம்மிங்குக்கு ஏதோ ஒப்பேத்தலாம், ஆனா 80கள் பாட்டுல தனியா வர்ற விரல் ஆர்பெஜியோவுக்கு அது நிக்காது, கம்பியில விரல் படற அந்த உருண்டை சத்தம் ஸ்டீல் கம்பியில பொறக்காது. அதனால ப்ரீஆம்ப் வச்ச ஒரு நைலான் கிட்டார் ஸ்டாண்டுல நிக்கும், அது ஸ்டாம்ப்போட ரிட்டர்ன் ஜாக்ல உள்ள வரும், அதுக்குன்னு ரெண்டாவதா ஒரு பேட்ச், அக்கூஸ்டிக் பாடி ஐஆர், கொஞ்சம் ஈக்யூ, ரிவர்ப். பீசோ பிக்கப்ல (கிட்டாரோட அதிர்வைப் புடிக்கறது) வர்ற அந்த பிளாஸ்டிக் சத்தம் பாடி ஐஆர் போட்டதும் பாதி அடங்கிடும். கிட்டாரை மாத்தி மாட்டற நேரத்துலயே பேட்சும் மாறிடறதால அந்தச் சின்ன கட் யாருக்கும் தெரியாது.

ஸ்கேல் பிரச்சினை இன்னொண்ணு. "இன்னிக்கு தொண்டை சரியில்ல, ஒரு கட்டை இறக்கிக்கலாம்"னு பாடகர் சொல்லுவாரு, கீபோர்டு தம்பி ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிட்டு சிரிப்பான். ஏத்தறதுன்னா நமக்கு கேப்போ (கிட்டார் கழுத்துல மாட்டற கிளிப்) இருக்கு, இறக்கறதுக்கு என்ன பண்றது? அதே 3.0 அப்டேட்ல பாலி கேப்போன்னு ஒண்ணு குடுத்தாங்க, மொத்த கார்டையும் மேலயோ கீழயோ தள்ளும். ப்ராசஸரை நெறைய சாப்பிடும், கொஞ்சம் லேட் ஆகற மாதிரியும் இருக்கும், இயர்ஃபோன் போடாம வாசிச்சா கம்பியோட நெஜ சுருதியும் காதுல விழுந்து குழப்பும். ஓப்பன் கார்டு கட்டாயம் வேணுங்கற பாட்டுக்கு மட்டும்தான் எடுக்கறேன், மத்ததுக்கு பார் கார்டு (ஒரே விரலால கம்பி எல்லாத்தையும் அமுக்கறது)தான், விரல் இருக்கறவரைக்கும்.

இனி கரண்ட். ஸ்டாம்ப்புக்கு 9 வோல்ட், 3 ஆம்பியர் வேணும், சாதாரண பெடல் அடாப்டர் 500 மில்லிஆம்பியர் அளவுலதான் குடுக்கும், மாத்தி சொருகினா ஆன் ஆகாது. கோவில் கச்சேரின்னா ஜெனரேட்டர், அதே லைன்ல சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் ஓடும், வோல்டேஜ் ஒரு நொடி விழுந்தாலும் மாடலர் ரீஸ்டார்ட் ஆகி திரும்ப எழுந்து வர்றதுக்குள்ள சரணம் போயிடும். கம்ப்யூட்டருக்கு வைக்கற சின்ன யுபிஎஸ் ஒண்ணு மேடையில வச்சுக்கறது நல்லது. பையில ஒரு டெஸ்டர் கண்டிப்பா. எர்த் சரியில்லாத மேடையில கிட்டார் கம்பியைப் புடிச்சுக்கிட்டு மைக்ல உதடு பட்டா ஷாக் அடிக்கும், இது விளையாட்டு இல்ல, வாசிக்கறதுக்கு முன்னாடி மைக் கம்பி வலையில டெஸ்டரை வச்சுப் பாத்துடணும். ஹம் வருதுன்னு ப்ளக்ல எர்த் பின்னை யாரும் உடைக்காதீங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் வச்ச டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்தற பொட்டி) ஒண்ணு நடுவுல போட்டு அதுல கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளோட கிரவுண்டை மட்டும் துண்டிக்கற சுவிட்ச்) தட்டினா ஹம்மும் போகும், உயிரும் இருக்கும். ஸ்டாம்ப்ல எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்ல இருக்கற மூணு பின் ஜாக்) கிடையாதுங்கறதால எப்படியும் டிஐ வேணும்.

மானிட்டர் என்னைப் பொறுத்தவரைக்கும் ஒயர் வச்ச இயர்ஃபோன்தான். சத்தம் ஒரு மீட்டர் நடக்க கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் ஆகும், மூணு மீட்டர் தள்ளி வச்ச மானிட்டர்ல இருந்து வர்றதுக்கே 9 ஆயிடும், டிஜிட்டல்னா லேட்டன்சி, சத்தம் தாமதமா வரும்னு பயப்படறவங்க இதையும் கணக்குல சேத்துக்கணும். எக்ஸ்32 மாதிரி டிஜிட்டல் மிக்சர் இருந்தா நமக்குன்னு தனியா ஒரு பஸ் (நம்ம காதுக்கு மட்டும் போற மிக்ஸ்) கேட்டு வாங்கிடலாம். பழைய அனலாக் மிக்சரா இருந்தா பாடகரோட மானிட்டருக்குப் போற ஆக்ஸ் லைனையே பங்கு போட்டுக்கணும், அதுல நம்ம கிட்டார் எவ்ளோ இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

பேக்கப்புக்கு பையோட சைடு ஜிப்ல ஒரு சின்ன ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் கிடக்கு, நாலு டபுள் ஏ பேட்டரியிலயே ஓடும், மெயின் செத்தா கேபிளை இதுல மாத்தினா போதும். பேட்ச் எல்லாம் லேப்டாப்ல ஒரு காப்பி, பென்டிரைவ்ல ஒரு காப்பி. ஃபர்ம்வேர் அப்டேட்டை சீசன்ல தொடவே மாட்டேன், தை மாசம் தொடங்கி வைகாசி வரைக்கும் திருவிழா ஓடும், அது முடிஞ்சு பாத்துக்கலாம்.

புதுசா ஆரம்பிக்கற தம்பிகள் இவ்ளோ செலவு பண்ண வேணாம். நக்ஸ் எம்ஜி-30, வாலிட்டன் ஜிபி-200 ரெண்டுமே வெளி ஐஆர் எடுத்துக்கும், மேல சொன்ன கட்டும் லெவலும் அப்படியே செல்லும். செகண்ட் ஹேண்ட்ல பாஸ் எம்இ-80 கிடைச்சா அதுவும் நல்ல சரக்குதான், 2014 மாடல், ஐஆர் ஏத்த முடியாது, ஆனா மேல பூரா குமிழ்ங்கறதால குனிஞ்சு மெனு தேட வேண்டியதில்ல. அடுத்த போஸ்ட்ல நம்ம அக்கூஸ்டிக் கிட்டார்ல இருந்து நாமளே பாடி ஐஆர் எடுக்கறது எப்படின்னு எழுதறேன், அதுக்கு பீசோ வச்ச கிட்டார் ஒண்ணு, கண்டன்சர் மைக் ஒண்ணு, ரெண்டையும் ஒரே நேரத்துல ரெக்கார்டு பண்ற இன்டர்ஃபேஸ் ஒண்ணு வேணும், ரெடி பண்ணி வச்சுக்கோங்க.