நான்கு வெற்றுக் கட்டங்கள்

போன போயா லீவுக்கு மருமகள் களுவாஞ்சிக்குடியிலிருந்து லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இஃப் போட்டா பிழை எண்டு சிவப்பா வருது, ஒருக்காப் பாருங்க." மச்சான் வெல்லாவெளி வயலில் மழைமானி வைத்து நாளாந்தம் கொப்பியில் எழுதிய கணக்கைத்தான் பைத்தன் என்ற நிரல் மொழியில் ஏற்றியிருந்தாள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை 123 நாள், பைத்தனின் நம்பை நூலகத்து அணி (எண்களின் வரிசை) ஒன்றில் 123 இடங்கள். கேள்வி சின்னது: 50 மில்லிமீற்றருக்கு மேல் எத்தனை நாள் பெய்தது?

இஃப் மழை > 50 என்று முழு அணியையும் அப்படியே கொடுத்திருந்தாள். இஃப் என்றால் 'இப்படியானால் இதைச் செய்' என்ற கட்டளை, அதற்கு ஒரே ஒரு ஆம் அல்லது இல்லை வேண்டும், இங்கே 123 பதில் வந்து நிற்கிறது, எதை எடுப்பது? அதனால்தான் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியே 'எனி' (ஏதாவது ஒன்று) அல்லது 'ஓல்' (எல்லாம்) போடச் சொல்கிறது, பிள்ளைகளும் உடனே எனியைப் போட்டுவிடுவார்கள், சிவப்பு போய்விடும். ஆனால் எனி சொல்வது "ஒரு நாளாவது பெய்ததா" என்பதை. நாம் கேட்டது எத்தனை நாள் என்று. எனக்கு இந்த இடம்தான் பயம், ஏனென்றால் பிழை காட்டாமல் வேறு கேள்விக்குப் பதில் வருகிறது. ஆர் என்ற இன்னொரு நிரல் மொழியில் இது இன்னும் மோசமாக இருந்தது, 2022இல் வந்த 4.2.0 பதிப்புக்கு முன் இஃப் முதல் எண்ணை மட்டும் பார்த்து, ஒரு எச்சரிக்கையோடு ஓடிவிடும்.

சரி, ஒவ்வொரு நாளாக எண்ணுவோம் என்று லூப் (ஒவ்வொரு இடமாகத் திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) எழுதினாள். கடும் மழை 9, மற்றது 113. கூட்டிப் பார் என்றேன். 122! ஒரு நாளைக் காணோம். லூப்பை 1இலிருந்து தொடங்கியிருக்கிறாள், பைத்தனில் முதல் இடம் 0, ஒக்டோபர் முதலாம் திகதி வெளியே நின்றுவிட்டது. திருத்தினோம், 9உம் 114உம்.

இப்போது கூட்டுத்தொகை சரிதான், ஆனாலும் நான் கொப்பியைக் கேட்டேன். டிசம்பரில் தொடர்ந்து நான்கு கட்டம் வெறுமையாக இருந்தது. வெறுமை அணிக்குள் நேன் ('எண் அல்ல' என்ற குறி) ஆகிவிடும், நேன் 50ஐ விடப் பெரிதா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், அப்புறம் நேராக எல்ஸுக்குள் ('இல்லையென்றால்' பகுதி) போய் "மழை குறைந்த நாள்" கணக்கில் உட்கார்ந்துவிடும். நேனுக்குச் சமமா என்று கேட்டும் பிடிக்க முடியாது, அது தனக்கே சமமில்லை. இஸ்நேன் (இது நேனா) என்று முதலில் கேட்டு ஒதுக்கிவிட்டு அதன்பிறகுதான் 50க்கு வரவேண்டும். அப்படி எழுதினதும் 9, 110, 4.

"அந்த நாலு நாளும் அப்பா ஏன் எழுதல்ல?" என்று அவளே போன் எடுத்தாள். மச்சான் சத்தமாகச் சொன்னது எனக்கும் கேட்டது: "அது ஊரெல்லாம் வெள்ளம் நிண்ட நாள் புள்ள, வயலுக்கு எப்படிப் போறது?"