பிஸ்கட் டின்னுக்குள் ஒரு சங்க அட்டை

மலேசிய ரப்பர்த் தோட்டம் கைமாறி, கோலாலம்பூர் அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களில் தொழிலாளர் வரலாறு பெரும்பாலும் பிஸ்கட் டின்னில்தான் கிடக்கிறது: சங்கச் சந்தா அட்டை, சம்பளச் சீட்டு, பெரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) எடுத்த ஒரு படம். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954இல் உருவானது, பி.பி. நாராயணன் அதை வழிநடத்தியது எல்லாம் நூல்களில் உண்டு. ஒருவரின் சந்தா எந்த மாதம் நின்றது என்பது அந்த அட்டையில் மட்டுமே உண்டு.

கரையானுக்குத் தப்பியதை லேமினேட் கெடுத்துவிடுகிறது. சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிட்டால் பிரிக்கவே முடியாது. செலோடேப்பின் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கும். துருப்பிடித்த ஸ்டேப்பிளை இழுத்தால் தாள் கிழியும். கவிழ்த்துப் போட்டு, மடங்கிய கால்களை மெல்லிய கத்திமுனையால் நிமிர்த்திய பிறகே எடுக்க வேண்டும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நிழலில் நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டுங்கள்.

ஸ்கேன் செய்ய ஆவணத்துக்கு 400 டிபிஐ, படத்துக்கு 600. பின்பக்கத்தையும் எடுங்கள், கடைக்கடன் கணக்கு அங்கேதான் இருக்கும். படத்தில் நிற்பவர்களின் பெயரை, பட்டப்பெயரோடு, பின்புற ஓரத்தில் 2பி பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும்.

பேச்சைப் பதிய மின்விசிறியை நிறுத்தி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். "எந்த வருஷம், பாட்டி?" என்றால் பதில் தடுமாறும். "பெர்மிட் கிடைக்காம ஊருக்குக் கப்பல் ஏறினாங்களே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றால் தெளிவாக வரும். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமான, 1969ஐ ஒட்டிய காலம் அது.

1948 ஜூனில் மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தச் சிறைக் கட்டடத்தின் பெரும்பகுதியும் இன்று இல்லை. சங்கத் தாள் வைத்திருக்கவே அஞ்சிய காலம் அது. அதனால் அந்த ஆண்டுகளுக்கு வாய்மொழிதான் பெரும் ஆதாரம். குரல் தாழ்ந்தால் பதிவை நிறுத்திவிட்டு, தொடரலாமா என்று மறுபடி அனுமதி கேளுங்கள். அவசரம் காட்டவே கூடாது.

எழுத்தாக்கும்போது பெரட்டு, கிராணி (தோட்டக் கணக்கர்), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), நெரை (மரவரிசை) எதையும் திருத்தாதீர்கள். தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயரோடு பதிவுப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் காலனிக்காலக் கோப்புகளில் அந்த இரண்டாவது பெயரைக் கொண்டுதான் தேட முடியும்.