ஏழாவது பாசேஜ்

பூச்சி செல் வளர்க்கும் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் சௌகரியம். 27 டிகிரி போதும், கார்பன் டை ஆக்சைடு வேண்டாம். எஸ்எஃப்9 செல்கள் படைப்புழுவின் கூட்டுப்புழுப் பருவத்துச் சினைப்பையிலிருந்து வந்த வம்சம். ஃப்ளாஸ்க்கை இரண்டு தட்டுத் தட்டினால் அடியிலிருந்து கழன்று வந்துவிடும்.

அவற்றில் நான் ஏற்றிய வைரஸ் ஏசிஎம்என்பிவி, புழுக்களைக் கொல்லும் பாக்குலோவைரஸ் வகை. சுமார் 1,34,000 கார இணைகள் கொண்ட வட்ட டிஎன்ஏ, 150 மரபணுக்கள் அளவில். பத்துப் பன்னிரண்டு மரபணுவோடு காலம் தள்ளும் வைரஸ்களுக்கு நடுவே இது பெரிய சம்சாரி.

வைரஸ் ஒட்டியதும் செல்லே அதை ஒரு பைக்குள் இழுத்துக்கொள்ளும். பையில் அமிலம் ஏறும்போது ஜிபி64 என்ற புரதம் உருமாறி, வைரஸின் உறையையும் பையின் சவ்வையும் ஒன்றாக்கிவிடும். டிஎன்ஏவைச் சுமக்கும் குச்சி போன்ற கூடு வெளியே வரும். வந்து சும்மா மிதக்காது. தன் முனையில் செல்லின் ஆக்டின் என்ற புரத இழைகளை முளைக்க வைத்து, அவை தள்ளத் தள்ள உட்கருவைப் போய்ச் சேரும். துளை வழியே முழுக் கூடாகவே உள்ளே நுழையும். திருடன் வீட்டுக்காரர் தோளிலேயே ஏறிப் போவது மாதிரி.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. என் மைக்ரோஸ்கோப்பில் தெரிவது ஒரு நாள் கழித்து: செல் பிரிவது நின்று, உருண்டு பெருத்து, உட்கரு ஏறக்குறைய செல் முழுக்க அடைத்து நிற்கும். அந்த வீங்கிய உட்கருவுக்குள் வைரோஜெனிக் ஸ்ட்ரோமா என்றொரு பட்டறை. அங்கேதான் கூடுகள் உருவாகி, டிஎன்ஏ அடைக்கப்படுகிறது. முதலில் தயாராகும் கூடுகள் வெளியேறி, செல்லின் மேற்பரப்பில் ஜிபி64 பதிந்த சவ்வைப் போர்த்திக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போகும். பிந்தி வருபவை உட்கருவிலேயே தங்கி உறை பூண்டு, பாலிஹெட்ரின் என்ற புரதப் படிகத்துக்குள் புதைந்துகொள்ளும். முன்னது ஒரு புழுவின் உடம்புக்குள் பரவ. பின்னது அடுத்த புழுவைப் பிடிக்க. புழு செத்துக் கூழாகி இலையில் வழிந்த பிறகும் படிகத்துக்குள் வைரஸ் பத்திரம். அந்த இலையைத் தின்னும் புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில்தான் அது கரையும்.

புரதம் தயாரிப்பவர்கள் பாலிஹெட்ரின் மரபணுவின் இடத்தில் தங்களுக்கு வேண்டிய மரபணுவை வைத்துவிடுவார்கள். 1983இல் மனித பீட்டா இண்டர்ஃபெரானை அப்படித்தான் எடுத்தார்கள். எங்களுக்கோ புழுக்களுக்கு ஊட்டிப் பார்க்கப் படிகமேதான் வேண்டும்.

நான் வாராவாரம் பழைய ஃப்ளாஸ்க்கின் திரவத்தை எடுத்துப் புதுச் செல்களில் விட்டேன். தாராளமாகவே விட்டேன், நிறைய விட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்று நினைப்பு. அப்படி ஒரு முறை மாற்றுவது ஒரு பாசேஜ், சுருக்கமாக பி. நோட்டில் பி4, பி5, பி6 என்று ஏறிக்கொண்டே போனது. செல்கள் ஒழுங்காக வீங்கின, ஒழுங்காகச் செத்தன. பி7 அன்று எங்கள் மேடம் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம்.

“படிகம் எங்கப்பா?”

“இருக்கே மேடம், இதோ.”

“எண்ணு.”

ஐந்து. மூன்று. ஏழு. ஒன்றுமே இல்லாத உட்கருக்களும் இருந்தன. பி2 எடுத்த படத்தைத் திரையில் போட்டார்: ஒவ்வொரு உட்கருவிலும் கற்கண்டைக் கொட்டியது போல.

“வைரஸ் நல்லாத்தான் இருக்கு. நீதான் அதுக்குப் புழுவையே காட்டலையே.”

எஃப்பி25கே என்ற மரபணு கெட்டுப்போன வைரஸ்கள் படிகம் குறைவாகவும், வெளியேறும் கூடுகளை அதிகமாகவும் தரும். வயலில் அது பிழைக்காது. ஃப்ளாஸ்க்கில் நான் எடுத்துப் போவது, வெளியேறிய கூடுகள் மிதக்கும் திரவத்தை மட்டும்தானே? வாராவாரம் அவற்றையே பொறுக்கி வளர்த்திருக்கிறேன். போதாததற்கு, அளவு மீறி ஏற்றினால் அரைகுறை டிஎன்ஏ கொண்ட வைரஸ்களும் முழு வைரஸின் தயவில் பெருகிவிடும். (இந்த மரபணு கெடுவதற்கு ஒரு காரணம், பூச்சி செல்லின் டிஎன்ஏவிலிருந்து தாவும் துண்டுகள் அதில் போய் உட்கார்வது. மரபணுப் பொறியியலில் இன்று பெயர் பெற்ற பிக்கிபேக் என்ற தாவும் துண்டு அப்படித்தான் கண்ணில் பட்டது. அன்றைக்கு எனக்கு அது ஆறுதலாக இல்லை.)

உறைவிப்பானிலிருந்து பி2 குழாயை எடுத்து, பத்து செல்லுக்கு ஒரு வைரஸ் என்ற கணக்கில் மறுபடி தொடங்கினோம். இப்போதெல்லாம் பி4க்கு மேல் போவதில்லை. ஒவ்வொரு முறையும் ஐம்பது செல்களில் படிகம் எண்ணுகிறேன்.

பி7ஐயும் வீணாக்க வேண்டாமென்று, இரண்டிலும் ஒரே எண்ணிக்கைப் படிகங்களைத் தீனியில் தடவிக் கொடுத்தோம். பி2 டப்பாவில் ஐந்தாம் நாளே புழுக்கள் மூடியில் ஏறித் தளர்ந்து தொங்க ஆரம்பித்தன. பி7 டப்பாவில் பாதிக்கு மேல் தீனியைத் தின்று தீர்த்து, கூட்டுப்புழுவாகிவிட்டன.