ஸ்பேமுக்கு எத்தனை மதிப்பெண்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. ஸ்பேம் பற்றி எனக்கு இரண்டே வகைப் புகார்தான் வரும். "குப்பை மெயிலா வந்து கொட்டுதுங்க" என்பார்கள் கணக்குப் பிரிவில். "பையர் சாம்பிள் கமென்ட்ஸ் அனுப்பிட்டாராம், எனக்கு வரவே இல்லீங்க சார்" என்பார்கள் பையர்களோடு, அதாவது நம்மிடம் ஆடை வாங்கும் நிறுவனங்களோடு, ஆர்டர் விஷயம் பேசும் மெர்ச்சண்டைசர்கள். ஒருவருக்கு வசதியாகத் திருகினால் மற்றவருக்கு இடிக்கும்.

எங்களிடம் ஓடுவது ஸ்பேம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டி மென்பொருள். ஒவ்வொரு மெயிலையும் பல விதிகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். கூட்டுத்தொகை 5ஐத் தொட்டால் ஸ்பேம். நிறுவும்போதே வருகிற எண் அது. புகார் வந்ததும் அதை ஏற்றலாமா இறக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்த விதி எத்தனை மதிப்பெண் போட்டது என்று மெயிலின் ஹெடரிலேயே (மெயிலோடு வரும் தலைப்புக் குறிப்புகளில்) பார்க்கலாம். அதைப் படிக்காமல் 5இல் கை வைப்பது எனக்குப் பிடிக்காது.

விதியே தப்பாகவும் இருக்கலாம். மெயில் தேதியில் 2010க்கும் 2099க்கும் இடையிலான ஆண்டு இருந்தால் 'வெகுதூர எதிர்காலம்' என்று சந்தேகப்படும் விதி ஒன்று இருந்தது. எழுதியபோது அது சரிதான். 2010 ஜனவரி 1 பிறந்ததும், ஒழுங்காக வந்த மெயில்களுக்கும் பல இடங்களில் 3க்கு மேல் மதிப்பெண் ஏறிவிட்டது. புத்தாண்டு லீவில் இருந்த அட்மின்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் இன்னொரு சிக்கல். 'பர்ச்சேஸ் ஆர்டர் இணைப்பில்', 'ஸ்விஃப்ட் காப்பி (வங்கியில் பணம் அனுப்பியதற்கான நகல்) பார்க்கவும்', 'அவசரம்' என்று மோசடிக்காரன் எழுதுவதைத்தான் பையரும் எழுதுகிறார். இதைப் பிரித்தறிய, பழைய மெயில்களின் சொற்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பேய்ஸ் வடிகட்டிக்கு நம் மெயில்களையே பாடமாகக் கொடுக்க வேண்டும். ஸ்பேமில் 200, நல்லதில் 200 படித்த பிறகுதான் அது வாயே திறக்கும். ஆனால் ஊழியர்கள் ஸ்பேம் என்று தள்ளுவதை அப்படியே ஊட்டக்கூடாது. மெஷின் கண்காட்சியில் தாங்களே பெயர் கொடுத்து வாங்கிய செய்தி மடலையும் சலித்துப்போய் அதில் தள்ளியிருப்பார்கள். நான் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊட்டுகிறேன்.

"பையர் டொமைனையே மொத்தமா அனுமதிச்சிடுங்க சார்" என்பது அடிக்கடி வரும் யோசனை. டொமைன் என்பது மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர். அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எவனும் எழுதலாம். சாதாரண அனுமதிப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் 100 மதிப்பெண் கழியும், போலியும் ராஜ மரியாதையோடு உள்ளே வரும். அதனால் எஸ்பிஎஃப் (அந்த டொமைன் அனுமதித்த சர்வரிலிருந்துதான் வந்ததா) அல்லது டிகேஐஎம் (டொமைனின் டிஜிட்டல் கையொப்பம் சரியா) சோதனையில் தேறினால் மட்டும் செல்லும் பட்டியலில்தான் சேர்க்கிறேன். சில சின்ன பையிங் ஏஜென்ட்கள் இதையெல்லாம் அமைத்தே இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு எழுதிச் சரிசெய்யச் சொல்ல வேண்டியதுதான்.

கடைசியில் எண்ணையும் மாற்றினேன், பிரிவுக்குப் பிரிவு. கணக்குப் பிரிவுக்கு 5 அப்படியே. மெர்ச்சண்டைசர்களுக்கு 6.5. உள்ளே நுழைந்த ஸ்பேம் கண்ணில் படும், திட்டிக்கொண்டே அழித்துவிடுவார்கள். தடுக்கப்பட்ட நல்ல மெயில் யார் கண்ணிலும் படாது, ஷிப்மென்ட் தள்ளிப்போகும்போதுதான் தெரியவரும். அதனால் தானாக அழிப்பது எங்குமே கிடையாது. ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகும், காலையில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். முணுமுணுப்பு இருக்கிறது, இருக்கட்டும்.

எதைத் திருகினாலும் பிடிபடாத ரகமும் உண்டு. வெளிநாட்டு சப்ளையரின் மெயில் கணக்கையே ஒருவன் கைப்பற்றி, பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதுவான். எஸ்பிஎஃப் சரி, டிகேஐஎம் சரி, மதிப்பெண் பூஜ்யத்துக்கும் கீழே. இதற்கான விதி சர்வரில் இல்லை, கணக்குப் பிரிவில்தான் இருக்கிறது: வங்கிக் கணக்கு மாறியதாக யார் எழுதினாலும், அந்த மெயிலில் உள்ள போன் நம்பரை விட்டுவிட்டு, பழைய ஃபைலில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பணம் போகும்.