காலா கோடாவில் ஒரு குட்டித் தூக்கம்

திருச்சியிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு மும்பையில் எதைக் காட்டினாலும் "ம்ம்" தான். நேற்று காலா கோடா பகுதியிலுள்ள டேவிட் சசூன் நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். மும்பை மலாட் பகுதியில் வெட்டியெடுத்த கல்லில் கட்டிய மஞ்சள் கட்டடம், 1870. ஆனால் கட்டடத்துக்கு முன்பே இந்த நூலக அமைப்பைத் தொடங்கியது எந்தப் பிரபுவும் இல்லை. 1847இல் அரசு நாணயச் சாலையிலும் கப்பல் பட்டறையிலும் வேலைபார்த்த இளம் மெக்கானிக்குகள். இதைச் சொன்னதும் ரிட்டயர்டு ஃபிட்டரான சித்தப்பா நிமிர்ந்து நடந்தார்!

மாடி வராந்தாவில் கை நீண்ட பழைய சாய்வு நாற்காலிகள். கீழே ஓயாத ஹாரன். ஒரு பெரியவர் நெஞ்சில் பேப்பரைக் கவிழ்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுத் திண்ணை மாதிரியே இருக்குடா."

ஐந்தே நிமிஷம், இவரும் குறட்டை. (சித்தி, இது உங்கள் கவனத்துக்கு.) மாட்டுங்கா பக்கம் போய்க் காபி குடிக்கலாம் என்று எழுப்பத்தான் மனசு வரவில்லை.